கண்மாயில் சீமைக் கருவேலம்: வெட்டினால் போதாது, வேரோடு எடுக்கணும்

சீமைக் கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் ஒரே மழையில் நாலஞ்சு கிளையாகத் தழைக்கும். மொட்டுகள் மண்ணுக்குள், தண்டும் வேரும் சேருமிடமான வேர்க்கழுத்தில் இருப்பதே காரணம். எங்கள் கண்மாயில் முதல் தடவை நாங்கள் தவறியது இதில்தான்.

மறுமுறை, தண்ணீர் வற்றிய சித்திரையில், பெரிய மரங்களை ஜேசிபி வைத்துத் தூரோடு பெயர்த்தோம். கைக்கனமுள்ள மரத்துக்குக் கடப்பாரையே போதும். சுற்றிலும் ஒரு அடி தோண்டி வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்டணும். கரைமேல் மட்டும் ஜேசிபி வேண்டாம், கரை இளகி மழையில் உடைப்பெடுக்கும். பொதுக் கண்மாய் என்பதால் அனுமதியை எழுத்தில் வாங்கியபிறகே தொடங்கினோம். மரத்தை ஊர்க்கூட்டத்தில் ஏலம்விட்டதில் வண்டி வாடகை பெரும்பாலும் தேறியது.

நெற்றுகளைக் கூட்டி எரிக்கணும். ஆடுமாடு தின்றால் விதை சாகாது, சாணத்தோடு வந்து இன்னும் நன்றாக முளைக்கும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் மண் ஈரமாக இருக்கும்போது வீட்டுக்கு ஓராள் இறங்கி, முழங்கால் உயரம் தாண்டுமுன் கன்றுகளைக் கையால் பிடுங்கணும். மண் இறுகினால் தண்டு அறுந்து வேர் உள்ளேயே நின்றுவிடும். விதை பல வருஷம் கிடந்து முளைப்பதால் ஒரு வருஷம் விட்டாலும் பழைய காடுதான்.