பிள்ளையின் சிறுநீரகத்தைக் காக்கும் சத்திரசிகிச்சை: பெற்றோர் கேட்டறிய வேண்டியவை

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் பிள்ளைக்கு வில்ம்ஸ் கட்டி (சிறுவருக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோய்) எனச் சொல்லப்பட்டால், வீட்டில் ஒருவரும் வயிற்றை அமுக்கிப் பார்க்கக் கூடாது. கட்டி வெடித்தால் நோயின் நிலை கூடிவிடும். மற்றச் சிறுநீரகம் நலமாயிருந்தால் நோயுற்றதை முழுதாக அகற்றுவதே வழக்கம். அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. இரண்டிலும் கட்டி இருந்தாலோ, பிறவியிலேயே ஒரு சிறுநீரகம்தான் என்றாலோ, கட்டியை மட்டும் எடுத்து நல்ல பகுதியை விட்டுவைக்க முடியுமா என்று சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேளுங்கள். இரண்டிலும் இருந்தால், பெரும்பாலும் 6 முதல் 12 கிழமைகள் மருந்தேற்றிக் கட்டியைச் சுருக்கி, மீண்டும் ஸ்கான் எடுத்த பின்னரே முடிவெடுப்பர். மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பினால், ஸ்கான் படங்களின் சீடியையும் கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டுசெல்லுங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. சத்திரசிகிச்சைக்குப் பின்னர் குருதி அமுக்கத்தையும் சிறுநீரில் புரதத்தையும் தவறாமல் பரிசோதிப்பியுங்கள்.