ஸ்பானிஷ் படிக்க ஆங்கிலத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு விருப்பப் பாடமாக ஸ்பானிஷ் எடுத்தேன். ஜெர்மன் வகுப்பு காலை 8 மணிக்கு, ஸ்பானிஷ் மதியம் இரண்டரைக்கு. காரணம் அவ்வளவுதான்.

முதல் இன்டர்னலில் 30-க்கு 11. "எனக்குக் காபி பிடிக்கும்" என்பதற்கு 'யோ குஸ்தோ கஃபே' என்று எழுதியிருந்தேன். ஆங்கிலத்தில் 'ஐ லைக்' என்றுதானே வரும், 'யோ' என்றால் 'நான்', கணக்கு சரி என்று நினைத்தேன். சிவப்புக் கோடுதான் மிச்சம். சரியான விடை 'மெ குஸ்தா எல் கஃபே'. பாடப்புத்தகம் இதை ஆங்கிலத்தில் விளக்கப் படாத பாடு பட்டிருந்தது: காபி எனக்கு இன்பமளிக்கிறது என்பது போல ஒரு வாக்கியம். எந்த மனிதர் அப்படிப் பேசுவார்?

அன்று ராத்திரி ஹாஸ்டல் மெஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "எனக்கு இந்தக் காபியே பிடிக்கல" என்றாள். அப்போதுதான் உறைத்தது. 'மெ' என்றால் 'எனக்கு'. நாமும் 'நான் பிடிக்கிறேன்' என்று சொல்வதில்லையே. மூன்று வாரம் நான் குழம்பிய இலக்கணத்தைப் பிறந்ததிலிருந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் படித்த முறையைத்தான் கீழே படிப்படியாகத் தந்திருக்கிறேன். ஒரு எழுத்தும் தெரியாதவர்களுக்கானது.

படி 1: முதல் வாரம் முழுக்க ஒலி மட்டும்

உயிரொலிகள் ஐந்தே: அ, எ, இ, ஒ, உ. எழுதியிருப்பதுதான் உச்சரிப்பு. ஆங்கிலத்தைப் போல ஒரே உயிரெழுத்து இடத்துக்கு இடம் வேஷம் மாறாது. 'எச்' எழுத்துக்கு ஒலியே கிடையாது. வணக்கத்துக்குச் சொல்லும் சொல் 'ஓலா'. 'ஜே' எழுத்து தொண்டையிலிருந்து வரும் 'ஹ'. தலையில் அலை போட்ட 'என்' நம் 'ஞ'. அந்த அலையை மறந்துவிடாதீர்கள். 'எனக்கு 19 வயது' என்று எழுதும்போது அது விடுபட்டால், வயது என்ற சொல் உடம்பின் பின்பக்கத்துத் துவாரம் ஆகிவிடும். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதிக் கொடுத்தோம்.

தமிழ்க்காரர்களுக்கு இங்கே ஒரு சொத்து இருக்கிறது. சொல்லின் நடுவில் ஒற்றையாக வரும் 'த'வை நாம் மென்மையாகச் சொல்கிறோம்: அது, இது. ஸ்பானிஷிலும் இரண்டு உயிருக்கு நடுவில் வரும் 'டி' (d) எழுத்து அதே மென்மையோடு ஒலிக்கும். 'நாதா' என்றால் 'ஒன்றுமில்லை'. 'நாத்தா' என்றால் பாலாடை. நம் ஒற்றைத் தகரத்துக்கும் இரட்டைத் தகரத்துக்கும் உள்ள வித்தியாசமேதான். ஆங்கிலம் வழியே வருகிறவர்கள் இதற்கு மாதக்கணக்கில் நாக்கைப் பழக்குகிறார்கள்.

அடுத்தது ர, ற. 'பெரோ' என்றால் 'ஆனால்', 'பெறோ' என்றால் நாய். 'கரோ' விலை கூடியது, 'கறோ' கார். கரை, கறை இரண்டையும் வேறுபடுத்திச் சொல்கிற ஊர்க்காரர் என்றால் பாதி வேலை முடிந்தது. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரி என்பதால் எனக்கு இது சும்மா கிடைத்தது. இரண்டையும் ஒன்றாகவே சொல்லிப் பழகியவர்கள், பழைய தமிழாசிரியர் 'மறம்' என்று நாக்கை உருட்டிச் சொன்னதை நினைத்துக்கொண்டு தினம் ஐந்து நிமிடம் பயிற்சி செய்யுங்கள். அந்த உருட்டலை இன்னும் கொஞ்சம் நீட்டினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. நோட்டில் ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்காதீர்கள். பணத்துக்கான சொல்லும் முத்தத்துக்கான சொல்லும் தமிழில் 'பெஸோ' என்றே வரும். முதலெழுத்து ஒன்றில் வல்லொலி, மற்றதில் மெல்லொலி. கடையில் போய் நூறு முத்தம் தருகிறேன் என்றால் நன்றாகவா இருக்கும்? (இந்தப் பதிவில் நானே அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஊருக்கு உபதேசம்.)

படி 2: வினையின் வாலைப் பிடியுங்கள்

'பேசுகிறேன்' என்றாலே பேசுவது நான் என்று தெரிந்துவிடுகிறது. ஸ்பானிஷும் அப்படியே. ஆப்லோ, பேசுகிறேன். ஆப்லாஸ், பேசுகிறாய். ஆப்லா, பேசுகிறான் அல்லது பேசுகிறாள். ஆப்லாமோஸ், பேசுகிறோம். ஆப்லான், பேசுகிறார்கள். வினையில் ஆண் பெண் பிரிவு இல்லாதது நமக்கு இன்னும் வசதி. ஆகவே ஒவ்வொரு வாக்கியத்திலும் 'யோ, யோ' என்று தொடங்க வேண்டாம். 'நான் போகிறேன், நான் சாப்பிடுகிறேன், நான் தூங்குகிறேன்' என்று அடுக்கினால் தமிழில் எப்படி இருக்குமோ அப்படித்தான் அவர்களுக்கும் இருக்கும்.

'தூ' என்பது நீ, 'உஸ்தேத்' என்பது நீங்கள். உஸ்தேத் வந்தால் வினை படர்க்கையில் வரும்: ஆப்லா. முன்னால் நிற்பவரிடமே எதற்கு மூன்றாம் ஆள் வினை என்று வகுப்பில் எல்லோரும் விழித்தோம். ஆனால் ஊரில் பெரியவர் ஒருவரிடம் நேருக்கு நேர் நின்றுகொண்டு "ஐயா சாப்பிட்டாரா?" என்று கேட்பதில்லையா? அதே மரியாதைதான். 'தங்கள் மேன்மை' என்பது போன்ற ஒரு பழைய சொற்றொடர் தேய்ந்து தேய்ந்துதான் உஸ்தேத் ஆனது. யாரிடம் எதைச் சொல்வது என்பது நாட்டுக்கு நாடு மாறும். அர்ஜென்டினாவில் 'தூ'வுக்குப் பதில் 'வோஸ்'. கொலம்பியாவின் சில பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே உஸ்தேத் புழங்கும். சந்தேகம் வந்தால் உஸ்தேத் என்றே தொடங்குங்கள்.

படி 3: 'எனக்கு' வாக்கியங்கள் இருபது எழுதுங்கள்

மெ குஸ்தா எல் கஃபே, எனக்குக் காபி பிடிக்கும். மெ துவேலே லா கபேஸா, எனக்குத் தலை வலிக்கிறது. மெ ஃபால்தா தியேம்போ, எனக்கு நேரம் போதவில்லை. பிடித்த பொருள் பலவாக இருந்தால் குஸ்தா 'குஸ்தான்' ஆகும். எழுவாய் அந்தப் பொருள்தானே, நீங்கள் இல்லையே. இருபது வாக்கியம் தமிழிலிருந்து நேரே எழுதிப் பாருங்கள். நடுவில் ஆங்கிலம் வர வேண்டாம்.

படி 4: 'ஸேர்', 'எஸ்தார்' என்ற இரட்டைத் தலைவலி

ஆங்கிலத்தில் ஒரே வினை ('ஆம்', 'இஸ்', 'ஆர்' எல்லாம் அதுதான்), ஸ்பானிஷில் இரண்டு. நிரந்தரமானதற்கு ஸேர், தற்காலிகமானதற்கு எஸ்தார் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அந்த விதியை நம்பாதீர்கள். மத்ரித் ஸ்பெயினில் இருப்பது நிரந்தரம் இல்லையா? ஆனாலும் எஸ்தார். செத்துப்போவதைவிட நிரந்தரமானது எது? அதுவும் எஸ்தார்தான்: எஸ்தா முவேர்தோ.

நான் கண்டுபிடித்த குறுக்குவழி இது. வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'நான் மாணவி', 'இது மேசை' போல வினையே இல்லாமல் நின்றால் ஸேர். 'வீட்டில் இருக்கிறேன்', 'களைப்பாக இருக்கிறேன்' என்று 'இரு' வந்தால் எஸ்தார். மத்ரித் ஸ்பெயினில் இருக்கிறது, எஸ்தார், சரியாகிவிட்டது.

'அவள் உயரமாக இருக்கிறாள்' என்பதற்கு மட்டும் ஸேர் வருகிறதே? அதற்கு இரண்டாவது சோதனை: 'உயரமானவள்' என்று மாற்ற முடிகிறதா? முடிகிறது, ஆகவே ஸேர். 'களைப்பானவள்' என்று யாரும் சொல்வதில்லை, ஆகவே எஸ்தார். இதிலும் ஓட்டை உண்டு. 'விழா எங்கள் வீட்டில் இருக்கிறது' என்பதற்கு ஸேர்தான் வரும். நிகழ்ச்சி எங்கே நடக்கிறது என்றால் ஸேர். இரண்டாவது இன்டர்னலில் இந்த ஒன்றில்தான் எனக்கு மதிப்பெண் போனது.

படி 5: மாப்பிள்ளை தேடும் இலக்கணம்

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 'புஸ்கோ உன் லீப்ரோ', புத்தகம் தேடுகிறேன். 'புஸ்கோ ஆ மி எர்மானோ', என் அண்ணனைத் தேடுகிறேன். மனிதர் செயப்படுபொருளாக வந்தால் முன்னால் ஒரு 'ஆ' நுழைகிறது. ஆங்கிலத்தில் இதற்கு இணையே இல்லை. நம்மிடம் இருக்கிறது, இரண்டாம் வேற்றுமை 'ஐ'. 'புத்தகம் தேடுறேன்' சரி, 'அண்ணன் தேடுறேன்' தப்பு. உயர்திணை, அஃறிணை என்று எட்டாம் வகுப்பில் படித்தது இங்கே வந்து உதவுகிறது.

இன்னும் இருக்கிறது. 'மாப்பிள்ளை தேடுறோம்' என்றால் வரன் பார்க்கிறார்கள். 'மாப்பிள்ளையைத் தேடுறோம்' என்றால் முகூர்த்த நேரத்தில் ஆளைக் காணோம்! ஸ்பானிஷிலும் 'புஸ்காமோஸ் நோவியோ' என்றால் இன்னார் என்று தெரியாத யாரோ ஒருவர். 'புஸ்காமோஸ் அல் நோவியோ' என்றால் குறிப்பிட்ட அந்த ஆள். ('அல்' என்பது ஆ, எல் இரண்டும் சேர்ந்தது.) ஒரு வித்தியாசம்: 'அந்தப் புத்தகத்தைத் தேடுறேன்' என்று நாம் அஃறிணைக்கும் ஐ போடுவோம், அவர்கள் போடமாட்டார்கள்.

படி 6: தமிழ் கைவிடும் இடங்கள்

மேசை பெண், புத்தகம் ஆண். ஏன் என்று கேட்கக் கூடாது. சொல்லை 'எல்', 'லா' சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். ஆ-வில் முடிந்தால் பெரும்பாலும் பெண். ஆனால் நாள், வரைபடம், பிரச்சினை மூன்றும் அப்படி முடிந்தும் ஆண். கை ஓ-வில் முடிந்தும் பெண். வாக்கிய வரிசையில் வினை கடைசியில் வராது, பெயரடை பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் வரும். இதற்கெல்லாம் ஆங்கிலத்தைக் கொஞ்சம் கூப்பிட்டுக்கொள்ளலாம், தப்பில்லை.

சொற்களுக்கு ஆங்கி என்ற நினைவு அட்டைச் செயலியில் தினம் பத்து அட்டை. போர்த்துக்கீசியர் விட்டுப்போன சில சொற்கள் ஏற்கெனவே நம் வீட்டில் உண்டு: மேசை, அலமாரி. ஈழத்துக்காரர்களுக்குப் பாணும் சப்பாத்தும் கூடுதல். ஸ்பானிஷில் பான், சபாத்தோ. ஆனால் சாவியும் சன்னலும் ஏமாற்றும். ஸ்பானிஷில் அவை யாவே, வென்தானா. 'அஸூகார்' என்ற சொல் அரபு வழியாகப் போன நம் சர்க்கரை.

படி 7: கேளுங்கள், ஊரையும் தெரிந்துகொள்ளுங்கள்

யூடியூபில் 'டிரீமிங் ஸ்பானிஷ்', முதல் மாதம் தினம் இருபது நிமிடம். புரியாவிட்டாலும் நிறுத்தாமல் கேளுங்கள். 'ரேடியோ அம்புலாந்தே' பாட்காஸ்ட் ஒரு வருடம் கழித்துத்தான். நான் இரண்டாவது மாதமே தொட்டு அழுதேன்.

பண்பாட்டுப் பாடத்தில் எங்களுக்குப் படங்கள் காட்டினார்கள்: காளைச் சண்டை, ஃபிளமெங்கோ. எனக்கு உதவியது சின்ன விஷயங்கள். டென்னிஸ் வீரர் ரஃபேல் நடாலின் முழுப்பெயரில் நடால் அப்பா வழி, பரேரா அம்மா வழி. கல்யாணம் ஆனாலும் பெண்கள் தங்கள் பெயரை மாற்றுவதில்லை. ஸ்பெயினில் ராத்திரிச் சாப்பாடு 9, 10 மணிக்கு. மத்ரித் லண்டனுக்கும் மேற்கே இருந்தும், 1940 முதல் கடிகாரம் பெர்லின் நேரத்தில் ஓடுகிறது என்பது அதற்கு ஒரு காரணம்.

மெக்ஸிகோவில் நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்களுக்குப் படையல் வைக்கிறார்கள்: புகைப்படம், அவர்களுக்குப் பிடித்த சாப்பாடு, தண்ணீர், மெழுகுவர்த்தி. வழி தெரிய மஞ்சள் பூ தூவுவார்கள். அந்தப் பூவின் பெயர் செம்பசூசில். படத்தைப் பார்த்ததும் நான் வகுப்பிலேயே "கேந்தி!" என்று கத்திவிட்டேன். எங்கள் தோவாளைச் சந்தையில் மூட்டை மூட்டையாக இறங்கும் அதே கேந்திப்பூ, அதாவது துலுக்கச் சாமந்தி. அதன் சொந்த ஊரே மெக்ஸிகோதான். நாம் தாத்தா படத்துக்கு மாலை போடுவது அவர்கள் ஊர்ப் பூவில்.

படி 8: தேர்வும் பேச்சும்

சான்றிதழ் வேண்டுமென்றால் 'தேலே' தேர்வு. ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலை. ஏ1-இல் வாசிப்பும் எழுத்தும் சேர்ந்து 50, கேட்பதும் பேசுவதும் சேர்ந்து 50. இரண்டிலும் தனித்தனியாக 30 எடுக்க வேண்டும். காலாவதி இல்லை. 'சியேலே' என்ற இன்னொரு தேர்வுக்கு ஐந்து ஆண்டுதான் ஆயுள்.

ஆனால் பேச ஆள் வேண்டும். மொழிப் பரிமாற்றச் செயலியில் எனக்கு மெக்ஸிகோவின் வஹாக்காவிலிருந்து ஒருத்தி கிடைத்தாள். அவளுக்கு ஆங்கிலம், எனக்கு ஸ்பானிஷ், வாரம் அரை மணி நேரம். முதல் அழைப்புக்கு ஐந்து வாக்கியம் எழுதி வைத்துக்கொண்டேன்: பெயர், ஊர், படிப்பு, வயது (அலையோடு), காபி. நீங்களும் அந்த ஐந்தையே வைத்துக்கொள்ளுங்கள். திரைக்குப் பின்னாலிருந்து அவள் அம்மா எட்டிப் பார்த்து ஏதோ கேட்டார். அந்தக் கேள்விக்கு மட்டும் ஐந்தில் எதுவும் பொருந்தவில்லை. "யா கொமிஸ்தே?" சாப்பிட்டாச்சா?