1850-களில் கடலில் அழிந்த ஒரு கப்பலை ஆவணங்களில் தேடிக் கண்டறிவது எப்படி?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அழிந்த ஒரு கப்பலைப் பற்றி எழுத முனைபவர்கள் பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கும் ஒரு பத்தியோடு நின்றுவிடுகிறார்கள். அதில் ஒரு தேதியும் ஓர் உயிரிழப்புக் கணக்கும் இருக்கும்; அவை எந்த ஆவணத்திலிருந்து வந்தன என்பது இருக்காது. ஆனால் பிரிட்டிஷ் கப்பல்களைப் பொறுத்தவரை, 1854-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு இழப்பும் பல அலுவலகங்களில் தனித்தனியே பதிவாகியிருக்கிறது. அந்தப் பதிவுகளை எந்த வரிசையில் தேடுவது, எதை எவ்வளவு நம்புவது என்பதை ஒரே ஒரு கப்பலை வைத்து இங்கே விளக்குகிறேன். அது 1859 அக்டோபர் 26 அதிகாலையில் வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவில், மொயல்வ்ரே என்ற சிற்றூருக்கு அருகில் பாறைகளில் மோதி உடைந்த ‘ராயல் சார்ட்டர்’.

முதலில் அது வணிகக் கப்பலா, கடற்படைக் கப்பலா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும், ஏனெனில் இரண்டின் ஆவணங்களும் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. 1852 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்கக் கரையில் மூழ்கிய ‘பர்க்கன்ஹெட்’ கடற்படைக்குச் சொந்தமானது; உயிர் தப்பிய அதிகாரிகள் இராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டார்கள், ஆகவே அதை அட்மிரல்டி என்ற கடற்படைத் தலைமையகத்தின் கோப்புகளில் தேட வேண்டும். வணிகக் கப்பலானால் கப்பல் போக்குவரத்தைக் கவனித்த அரசுத் துறையான வர்த்தக வாரியத்தின் கோப்புகளுக்குப் போக வேண்டும். இரண்டு தொகுதிகளும் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

அடுத்த தொல்லை, ஒரே பெயரில் பல கப்பல்கள் ஓடியது. ‘மேரி’ என்றோ ‘விக்டோரியா’ என்றோ தேடினால் ஒரே ஆண்டில் பல கலங்கள் வந்து நிற்கும். 1855 முதல் ஒவ்வொரு பிரிட்டிஷ் கப்பலுக்கும் ஒரு நிரந்தரப் பதிவெண் தரப்பட்டது. பெயரோ உரிமையாளரோ மாறினாலும் அந்த எண் மாறாது. அது கிடைத்துவிட்டால் மற்ற தேடல்கள் எளிதாகிவிடும். கிடைக்கவில்லையென்றால் கேப்டனின் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். கப்பல்களின் வருகை, புறப்பாடு, விபத்து ஆகியவற்றை அச்சிட்ட ‘லாயிட்ஸ் லிஸ்ட்’ செய்தித்தாள் கப்பலின் பெயரோடு கேப்டனின் பெயரையும், எங்கிருந்து எங்கே போனது என்பதையும் சேர்த்தே கொடுத்தது. ராயல் சார்ட்டருக்கு அந்தப் பெயர் டெய்லர். பயணம் மெல்போர்னிலிருந்து லிவர்பூலுக்கு. அதன் பிறகு ‘லாயிட்ஸ் ரெஜிஸ்டர்’ ஆண்டேட்டில் கட்டுமானம், டன் கொள்ளளவு, உரிமையாளர் விவரங்களைச் சரிபார்க்கலாம். அந்த ஏட்டில் எல்லாக் கப்பல்களும் இடம்பெறவில்லை; பெயர் இல்லை என்பதற்காகக் கப்பலே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

செய்தித்தாள்களைப் படிக்கும்போது தந்தி எட்டிய எல்லையை மனத்தில் கொள்ள வேண்டும். பிரிட்டனுக்குள் 1859-இல் தந்தி இருந்தது, எனவே லிவர்பூல், லண்டன் ஏடுகளில் ஓரிரு நாளில் செய்தி வந்துவிட்டது. அந்த முதல் செய்திகள்தான் மிகவும் குழப்பமானவை. ஆஸ்திரேலியாவுக்கோ 1872 வரை தந்தி இல்லை. அங்கே செய்தி தபால் கப்பலில்தான் போக வேண்டும், அதற்கு ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். ஆகவே ஆஸ்திரேலியாவின் ‘ட்ரோவ்’ என்ற இலவச இணையக் களஞ்சியத்தில் அக்டோபர், நவம்பர் இதழ்களைத் துழாவிவிட்டு ஒன்றுமில்லை என்று மூடிவிடாமல் டிசம்பர் இதழ்களையும் அதற்குப் பிந்தியவற்றையும் பாருங்கள். வேல்ஸ் ஏடுகளுக்கு அந்நாட்டுத் தேசிய நூலகத்தின் இலவசத் தளம் உண்டு.

இனி, மிக அதிகமாகப் பிழை நுழையும் இடத்துக்கு வருவோம்: எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்வி. ராயல் சார்ட்டரில் இறந்தவர்களை நானூற்றுக்கு மேல் என்று ஓரிடத்திலும், ஏறத்தாழ 450 என்று ஓரிடத்திலும், 459 என்று வேறோரிடத்திலும் காணலாம். எது சரி என்று தேர்ந்தெடுக்கப் புறப்படுவதற்கு முன், ஏன் இத்தனை எண்கள் வந்தன என்று பார்க்க வேண்டும். கப்பலில் இருந்த பயணிகள் பட்டியல் கப்பலோடு போய்விட்டது. மெல்போர்னில் புறப்பாட்டின்போது எழுதப்பட்ட பட்டியல் விக்டோரியா மாநில ஆவணக் காப்பகத்தின் வெளியேறிய பயணிகள் பதிவில் இருக்கும்; ஆனால் அது கப்பல் கரையை விட்ட நாளின் நிலை மட்டுமே. இடையில் அயர்லாந்தின் குவீன்ஸ்டவுன் துறைமுகத்தில், அதாவது இன்றைய கோவ் நகரில், பயணிகள் சிலர் இறங்கிவிட்டார்கள். அதற்கு அப்பால், எந்தப் பயணிப் பட்டியலிலும் இடம்பெற வாய்ப்பில்லாத பதினொரு பாய்மரத் தொழிலாளர்கள் வழியில் ஓர் இழுவைக் கப்பலிலிருந்து லிவர்பூல் போவதற்காக ஏறிக்கொண்டார்கள். புறப்பட்டவர்கள், இறங்கியவர்கள், ஏறியவர்கள், ஊழியர்கள், கரை சேர்ந்தவர்கள் என்று ஐந்து பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை போட்டு, ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே அது எந்த ஆவணத்தில் இருந்தது என்று எழுதுங்கள். உயிர் தப்பியவர்கள் 21 பயணிகளும் 18 ஊழியர்களும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அவர்களில் ஒரு பெண்ணோ ஒரு குழந்தையோ இல்லை. மற்ற பத்திகள் முழுமையாக நிரம்பாது. நிரம்பாததை ஊகத்தால் நிரப்பாமல் ‘ஏறத்தாழ’ என்று எழுதுவதே இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த இரவின் நிகழ்ச்சிகளை அடுக்கும்போது மணியைவிடக் காற்றையும் ஓதத்தையும் நம்புவது நல்லது. பிரிட்டன் முழுவதற்கும் ஒரே சட்டபூர்வ நேரம் 1880-இல்தான் வந்தது. ஆங்கிள்சியின் உள்ளூர் நேரம் கிரீன்விச்சுக்குச் சுமார் 17 நிமிடம் பிந்தியது, கப்பலின் கடிகாரம் எதைக் காட்டியது என்பது தனிக் கேள்வி. காற்றின் திசை மாற்றமோ சாட்சிகள் பலரின் நினைவில் ஒரே வரிசையில் நின்றது. கிழக்கிலிருந்து எழுந்த காற்று வடகிழக்குக்குத் திரும்பி, பின்னர் மேலும் வடக்கே சாய்ந்து கப்பலை நேரே கரையை நோக்கித் தள்ளியது. வழிகாட்டிப் படகு நெருங்க முடியவில்லை. இரவு பதினொரு மணியளவில் நங்கூரங்கள் இறக்கப்பட்டன. ஒன்றரை மணிக்கு ஒரு சங்கிலியும் சுமார் ஒரு மணி நேரம் கழித்து மற்றதும் அறுந்தன. காற்றின் பிடி குறையட்டும் என்று பாய்மரங்களை வெட்டிச் சாய்த்தும் பாய்க்கப்பலான அதன் துணை நீராவி எந்திரத்தால் கப்பலை நிறுத்த இயலவில்லை. முதலில் மணலில் தரை தட்டியது. ஏறிவந்த ஓதம் அதை மணலிலிருந்து தூக்கிப் பாறைகளில் அடித்தது. ஜோசப் ரோஜர்ஸ் என்று அறியப்பட்ட மால்டா நாட்டு மாலுமி ஒருவர் கயிற்றோடு அலைகளுக்குள் குதித்து நீந்திக் கரையேறியதாலும், ஊரார் கைகோர்த்து நின்று அலைக்குள்ளிருந்து ஆட்களை இழுத்ததாலும்தான் அந்த 39 பேரில் பலர் பிழைத்தார்கள். அதே புயலில் பிரிட்டன் கரையோரம் நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் அழிந்தன. ஆகவே வர்த்தக வாரியத்தின் வானிலைத் துறைத் தலைவர் ஃபிட்ஸ்ராய் இந்தப் புயலைப் பற்றித் திரட்டிய பதிவுகளையும் தேடுங்கள். 1861-இல் அவர் தொடங்கிய புயல் எச்சரிக்கைச் சேவைக்கு இந்தப் பேரழிவுதான் தூண்டுகோல்.

விசாரணை அறிக்கைகளில் இரண்டு வகை உண்டு. உள்ளூரில் நடந்த மரண விசாரணை, சாவு எப்படி நேர்ந்தது என்று கேட்டது. வர்த்தக வாரியத்தின் விசாரணை, கப்பலும் அதை நடத்தியவர்களும் தகுதியாக இருந்தார்களா என்று கேட்டது. கேள்வி வேறாகும்போது அதே சாட்சியின் பதிலும் வேறு அழுத்தம் பெறும், எனவே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். 1854 ஜனவரியில் டப்ளினுக்கு அருகே லாம்பே தீவில் மோதிய ‘டெய்லர்’ என்ற கப்பலைப் பற்றிய விசாரணைகள் இதற்கு நல்ல பயிற்சி. இரும்பு உடலால் திசைகாட்டி பிழையாகக் காட்டியது, ஊழியர் திறமை, பாய்க்கயிறுகளின் நிலை என்று காரணங்கள் அங்கே மோதிக்கொள்கின்றன. ராயல் சார்ட்டரைப் பற்றி, பயணிகள் இடுப்பில் கட்டிய தங்கத்தின் பாரத்தால் மூழ்கினார்கள் என்ற கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. சரக்காகவே மூன்று லட்சம் பிரிட்டிஷ் பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள தங்கம் ஏற்றிய கப்பல் அது, ஆகவே கதை எளிதில் ஒட்டிக்கொண்டது. ஆனால் உடல்கள் பாறையில் மோதிச் சிதைந்திருந்ததைக் கரையில் இருந்தவர்கள் விவரித்திருக்கிறார்கள்.

மாலுமிகளைத் தேடுவது பயணிகளைத் தேடுவதைவிடக் கடினம். 1860 வரையிலான ஊழியர் ஒப்பந்தங்கள் கியூவில் இருக்கின்றன; 1863 முதலானவற்றில் பெரும்பகுதி கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், கடல்சார் வரலாற்றுக் காப்பகத்தில் இருக்கிறது. இறந்த மாலுமிகளின் கூலி, உடைமைகள் பற்றிய பதிவேடுகளையும் கியூவில் பாருங்கள். முன்பெல்லாம் கப்பல் அழிந்தால் மாலுமியின் கூலியும் அதோடு போய்விடும். 1854 சட்டம்தான் அந்தக் கொடுமையான விதியை மாற்றியது.

நம் பக்கத்துக் கடலில் தொடங்க விரும்புபவர்கள் 1858 பிப்ரவரியில் திருகோணமலைக்கு அருகே பாறையில் மோதி அழிந்த பி அண்ட் ஓ நிறுவனத்தின் ‘அவா’ நீராவிக் கப்பலை எடுத்துக்கொள்ளலாம். லக்னோ முற்றுகையில் தப்பியவர்கள் அதில் பயணம் செய்ததால் அவர்களுடைய குறிப்புகளும் ஒரு மூலமாகின்றன. இந்தியா அலுவலகக் கோப்புகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன.

கடைசியாகக் கரைக்குச் செல்லுங்கள், நேரில் முடியாவிட்டால் திருச்சபைப் புதைகுழிப் பதிவேடுகள் வழியாகவாவது. மொயல்வ்ரேக்கு அருகிலுள்ள லானால்கோ தேவாலயத்தின் போதகர் ஸ்டீவன் ரூஸ் ஹியூஸ் உடல்களைத் தேவாலயத்துக்குள் கிடத்தி, உடை, பச்சை குத்திய அடையாளம், கைக்குட்டையில் தைத்த எழுத்து எனக் கிடைத்த குறிகளைக் கொண்டு அடையாளம் காண முயன்றார், உறவினர்களுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் எழுதினார், 1862-இல் இறந்தார். உடல்கள் அலையோடு சிதறியதால் பக்கத்து ஊர்த் தேவாலயங்களின் பதிவேடுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெயர் தெரியாமல் புதைக்கப்பட்டவர்களுக்கு எழுதப்பட்ட வருணனையை அப்படியே படியெடுத்து உங்கள் அட்டவணையில் சேருங்கள், ஏதாவது ஒரு மெல்போர்ன் பட்டியலோடு அது என்றாவது பொருந்தக்கூடும். மொயல்வ்ரே கடற்கரையில் ஏதேனும் பொருள் கண்ணில் பட்டால் அதை வைத்துக்கொள்ளாமல், பிரிட்டிஷ் சட்டப்படி 28 நாட்களுக்குள் கப்பற்சேதப் பொருள் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும்.