மண்டையோடு கிடைத்தால் உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள்

தேயிலை மலையில் வடிகான் வெட்டும்போதோ விறகுக்குப் போன இடத்திலோ ஒரு மண்டையோடு கிடைத்துவிட்டால், அன்றைக்குத் தோட்டத்து வீட்டு வரிசையான லயம் முழுக்க அதுதான் பேச்சு. பாடசாலை விஞ்ஞான அறைக்கு அது வந்து சேர்வதற்குள் அதற்கு ஒரு பெயரும் ஒரு கதையும் ஒட்டிக்கொண்டுவிடும். பெயர் பெரும்பாலும் பிழையாகத்தான் இருக்கும்.

நீளமான வேட்டைப்பல்லைக் கண்டதும் ‘புலி’ என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. நம் பக்கம் புலி என்றால் சிறுத்தை. ஆனால் பெரிய நாயின் வேட்டைப்பல்லும் ஆளை மிரட்டும். அந்தப் பல்லை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் பாருங்கள். மேல்தாடையின் ஒரு பக்கத்தில் நாய்க்கு ஆறு பற்கள், கடைசி இரண்டும் அரைப்பதற்கு ஏற்றபடி அகன்றிருக்கும். சிறுத்தைக்கு நான்குதான், அதிலும் கடைசிப் பல் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டும். மொத்தக் கணக்கில் நாய்க்கு 42, சிறுத்தைக்கு 30. எண்ணும்போது பற்குழிகளை எண்ணுங்கள். ஒற்றை வேர்ப் பற்கள் செத்த பிறகு சுலபமாகக் கழன்றுவிடும்.

அதே குழிக் கணக்கு மாட்டுக்கும் உதவும். மேலே முன்பல் இல்லையே, கொட்டிவிட்டது போல என்பார்கள். மாடு, ஆடு, மரை என்கிற பெரிய மான், எதற்குமே மேல் வெட்டும்பல் கிடையாது. குழியும் இருக்காது. கீழ்த்தாடை நடுவில் இரண்டாகப் பிரிந்திருந்தால் அதுவும் உடைப்பு அல்ல. இவற்றின் தாடை முன்பக்கம் எலும்பாக ஒட்டுவதில்லை, சதை அழுகியதும் பிரிந்துவிடும். பன்றிக்கு அப்படியில்லை, ஒரே துண்டாகக் கிடைக்கும்.

மரையின் ஓட்டில்தான் கதை பெரிதாகும். கண்குழிக்கும் மூக்குக்கும் நடுவே ஓர் ஓட்டை தெரியும், உடனே ‘வெடி வைத்திருக்கிறான்’ என்பார்கள். மறுபக்கம் திருப்பிப் பாருங்கள், அங்கேயும் அதே இடத்தில் அதே வடிவத்தில் ஓட்டை இருக்கும். மூக்கெலும்பும் மேல்தாடை எலும்பும் கண்ணோர எலும்பும் அந்த இடத்தில் முழுக்கச் சேராமல் விடும் இயற்கையான இடைவெளி அது. அதற்கும் கண்ணுக்கும் இடையே உள்ள ஆழமான குழி வாசனைச் சுரப்பி இருந்த இடம். மாட்டுக்கு இந்த இடைவெளி இல்லை. கொம்பில்லாத பெண் மரையையும் மாட்டையும் பிரித்தறிய இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது. எலும்பின் ஓரத்தில் வரிவரியாகச் சீவிய தடம் இருந்தாலும் கத்தியைச் சந்தேகிக்க வேண்டாம். முள்ளம்பன்றி எலும்பைக் கொறிக்கும்.

இதையெல்லாம் விடப் பெரிய கலவரம் குரங்கின் ஓட்டால் வருவது. கண்குழிகள் இரண்டும் முன்னோக்கி, பின்னால் எலும்புச் சுவரோடு இருக்கும். அளவும் சின்னது. ‘பிள்ளையின் மண்டையோடு’ என்று யாராவது சொல்லிவிட்டால் அப்புறம் தோட்டமே தூங்காது. பல்லைப் பாருங்கள். சின்னப் பிள்ளைக்குப் பால்பற்கள் 20தான். சின்ன மண்டையோட்டில் 32 பற்களும் முளைத்துத் தேய்ந்திருந்தால் அது வளர்ந்த குரங்கு அல்லது மந்தி. அதற்கு மூக்கும் வாயும் உள்ள பகுதி முன்தள்ளியிருக்கும். முண்ணாண் வெளியேறும் பெரிய துளை மனிதருக்கு அடியில் நடுவாக இருக்கும், குரங்குக்குப் பின்தள்ளியிருக்கும். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் கை வைக்காமல் பொலிசுக்கோ கிராம சேவகருக்கோ சொல்லுங்கள்.

தனியாகக் கிடைக்கும் பன்றிக் கடைவாய்ப்பல்லும் மனிதப் பல்போலவே தோன்றும். இதில் படித்தவர்களே சறுக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் கிடைத்த ஒரு பல்லை 1922இல் ஆதி மனிதக் குரங்கினுடையது என்று அறிவித்தார்கள். பன்றிக்கு உறவான ஒரு விலங்கின் பல் அது என்று 1927இல் ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது.

சரி, பெயர் தெரிந்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுபோகலாமா? சிறுத்தையும் மரையும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. வெறும் ஓடுதானே என்று அலுமாரியில் வைத்தால் வில்லங்கம். படம் எடுத்துக்கொண்டு வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்கா, அங்கிருந்து எதையுமே எடுத்துவரக் கூடாது.

ஆடு, மாடு என்றால் பிரச்சினையில்லை, சுத்தம் செய்யலாம். ஆனால் சதை காயாத நாய்த்தலையைத் தொடவே வேண்டாம், விசர்நோய் விளையாட்டல்ல. பானையில் போட்டுக் கொதிக்க வைத்தால் கொழுப்பு எலும்புக்குள் இறங்கும், பல் வெடிக்கும். வெளுக்கும் தூள் போட்டால் முதலில் பளிச்சென்று இருக்கும், பிறகு சுண்ணாம்பாக உதிரும். மூடியுள்ள வாளியில் பச்சைத் தண்ணீரில் ஊறவிட்டு, தண்ணீரை அவ்வப்போது மாற்றுங்கள். நுவரெலியாக் குளிரில் மாதக்கணக்கில் ஆகும், நாற்றமும் தாங்காது, லயத்துக்குத் தள்ளி வையுங்கள். அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலில் கொழுப்பை எடுத்து, பாமசியில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டில் வெளுக்கலாம். ஒவ்வொரு முறையும் தண்ணீரைச் சல்லடையில்தான் ஊற்ற வேண்டும், கழன்ற பற்கள் அடியில் கிடக்கும்.