பிரிம்னோவா பவளத்தைப் பற்றி எழுதுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நார்வேயின் ஃபியார்டுகள் எனப்படும், பனியாறு குடைந்த குறுகிய கடற்கழிகளிலிருந்து கனடாவின் நோவா ஸ்கோஷியா வரை, வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த ஆழத்தில் கிளைத்து வளரும் கார்கோனியன் (வளையும் தண்டுடைய கடல்விசிறி வகை) பவளம் பிரிம்னோவா ரெசிடிஃபார்மிஸ். நார்வே ஆயர் யோஹான் எர்ன்ஸ்ட் குன்னெரஸ் 1763-இல் இதை முதன்முதலாக விவரித்தார். மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளைப் பற்றி அறிந்தவற்றை அப்படியே இதன்மேல் ஏற்றிவிடுவதால்தான் இதைக் குறித்த பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன.

ஆழம் குறைந்த வெப்பக் கடலின் பாறைப் பவளங்களுக்கு உணவளிக்கும் ஒளிச்சேர்க்கைப் பாசிகள் இதன் உடலில் இல்லை. ஆகவே பாசியை இழந்து வெளிறிப்போகும் நிலையை இதற்குப் பொருத்திப் பேசுவது பொருளற்றது. நீரோட்டம் சுமந்துவரும் நுண்ணுயிர்களையும், மேலிருந்து உதிரும் கரிமத் துகள்களையும் எட்டு உணர்கொம்புகள் கொண்ட இதன் பாலிப்புகள் (பவளத்தில் சேர்ந்து வாழும் சிற்றுயிர்கள்) பிடித்து உண்கின்றன. எனவே ஆழமும் குளிரும் மட்டும் போதா. வேகமான நீரோட்டமும், பற்றிக்கொள்ளக் கல்லோ பாறையோ வேண்டும். சேறு படிந்த சமதளத்தில் இதைத் தேடுவது வீண்.

இதைப் ‘பவளப்பாறை’ என்று எழுதுவதும் தவறே. பாறைபோன்ற திட்டுகளை எழுப்புவது லோஃபீலியா போன்ற கல் பவளங்களின் வேலை. நார்வேயில் அத்திட்டுகளின்மேல் பிரிம்னோவா குடியேறி வளர்வதுண்டு; ஆனால் அதுவாகத் திட்டு எதையும் கட்டுவதில்லை.

பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. அலாஸ்காவில் வளர்வது பிரிம்னோவா பசிஃபிகா என்னும் வேறு இனம். ஆனால் இப்பேரினத்தை மறுஆய்வு செய்து 2005-இல் கட்டுரை வெளிவருவதற்கு முந்தைய அலாஸ்கா ஆய்வுகள் பலவற்றில் அட்லாண்டிக் இனத்தின் பெயரே இருக்கும். அந்தத் தரவுகளை இரு கடல்களுக்கும் பொதுவாக்கிவிடக் கூடாது. அலாஸ்காவின் பனியாற்று ஃபியார்டுகளில் பசிஃபிகா சுமார் 10 மீட்டர் ஆழத்திலேயே காணப்படுவதால், ‘ஆழ்கடல்’ என்ற அடைமொழியையும் கவனத்துடன் கையாள வேண்டும்.

மிகுதியாகப் பிழை நேர்வது வயதைக் கணிப்பதில். உயரத்தை வைத்து வயது சொல்லக் கூடாது. அலாஸ்காவில் ஏறத்தாழ 2 மீட்டர் உயர்ந்த ஒரு கூட்டத்துக்கு (பாலிப்புகள் சேர்ந்த ஒரு முழுப் பவளத்துக்கு) 112 ஆண்டு வயது கணிக்கப்பட்டது; அவ்வளவு உயரம் வளராத அட்லாண்டிக் இனத்திலோ 300 ஆண்டுகளைத் தாண்டிய வயதும் பதிவாகியிருக்கிறது. இளமையில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வளரும் கூட்டம் பின்னர் வெகுவாக மந்தமாகிவிடுவதால், இளங்கிளையின் வேகத்தைக் கொண்டு முழு உயரத்தையும் வகுத்தால் விடை குறைந்தே வரும். தண்டின் அடியை நறுக்கி மெருகேற்றிப் பார்த்தால், கார்கோனின் என்னும் பழுப்பு நிறப் புரதமும் வெளிறிய சுண்ணமும் சேர்ந்து வளையங்களாகப் படிந்திருப்பது தெரியும். கிளை நுனியில் எண்ணினால் அக்கிளையின் வயதே கிடைக்கும். கூட்டத்தின் வயதுக்கு அடித்தண்டையே எண்ண வேண்டும்.

காலப்போக்கில் சிதைந்து குறையும் கதிர்க்கரிமத்தை அளந்து வயதறியும் சோதனையில் கார்கோனின், சுண்ணம் ஆகிய இவ்விரு பொருள்களையும் கலந்துவிடுவது அதைவிடப் பெரிய பிழை. சுண்ணத்தின் கரிமம் பவளத்தைச் சூழ்ந்த ஆழநீரில் கரைந்திருப்பது. அந்த நீர் நெடுங்காலம் காற்றோடு தொடர்பற்றிருந்தால், பவளம் உண்மையைவிட முதியதாகத் தோன்றும். கார்கோனினின் கரிமமோ உணவின் வழியே மேற்பரப்பிலிருந்து அண்மையில் இறங்கியது. ஆகையால் சுண்ணத்தை அமிலத்தில் கரைத்து நீக்கிய பின்பே கார்கோனினைச் சோதிக்கிறார்கள். 1950-களிலும் 60-களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் ஏற்றிய கதிர்க்கரிமம் உரிய வளையங்களில் பதிந்திருந்ததே, வளையங்கள் ஆண்டுக்கு ஒன்று என்பதற்கு உறுதியான சான்றானது.

சேதத்துக்குக் கடலடியில் இழுத்துச் செல்லும் வலையான இழுவை மடி ஒன்றையே காரணமாக்குவதும், வெட்டுண்ட பவளம் விரைவில் துளிர்த்துவிடும் என்று நம்புவதும் பரவலாக உள்ளன. அலாஸ்கா வளைகுடாவில் 1990-இல் ஒரே இழுப்பில் சுமார் 1000 கிலோ பிரிம்னோவா வலையில் ஏறியது. ஏழு ஆண்டுகள் கழித்து நீர்மூழ்கியில் சென்று பார்த்தபோது அந்தத் தடத்தில் இளம் பவளம் எதுவும் காணப்படவில்லை. கடலடியில் விரிக்கும் நீள்தூண்டில் கயிறும் கிளைகளில் சிக்கி, இழுக்கும்போது அவற்றை முறித்துவிடும். நோவா ஸ்கோஷியாவுக்குத் தெற்கே நார்த்ஈஸ்ட் கால்வாயில் 2002-இல் 424 சதுர கிலோமீட்டரைக் காப்பிடமாக்கிய கனடா, அதில் பத்தில் ஒன்பது பங்கைக் கடலடி மீன்பிடிப்பு அனைத்துக்கும் மூடியது. எஞ்சிய பங்கிலும் நீள்தூண்டிலை மேற்பார்வையாளர் படகில் இருந்தால் மட்டுமே அனுமதித்தது.