வாயால் சொன்னால் கையால் தட்ட வரவேண்டும்: இணைய முகவரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏ9 வீதியில் வவுனியாவிலிருந்து பரந்தன் வரை ஒருக்கால் போய்ப் பாருங்கள். முன்பு தொலைபேசி இலக்கம் மட்டும் இருந்த பலகைகளில் இப்போது இணைய முகவரியும் இருக்கிறது. நல்ல விசயம்தான். ஒடியல் மா செய்கிறவர், காட்டுத்தேன் எடுக்கிறவர், கருவாடு போடுகிறவர், கைத்தறி நெய்கிறவர் என்று பலரும் விடுமுறைக்கு வரும் வெளிநாட்டுக்காரரின் மின்னஞ்சலை வாங்கி வைத்து, மாதம் ஒரு கடிதம் அனுப்பி, ஓடர் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். உள்ளூருக்கு வட்ஸ்அப் போதும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவரை ஆண்டு முழுக்கத் தொடர்பில் வைத்திருக்க மின்னஞ்சலை விட்டால் வேறு நல்ல வழி இல்லை. வட்ஸ்அப் குழுவில் போட்ட விலைப்பட்டியல் ஒரே நாளில் காலை வணக்கங்களுக்கு அடியில் போய்விடும். கடிதமோ பெட்டிக்குள் கிடக்கும், தேடினால் வரும்.

ஆனால் அந்தக் கடிதத்தில் சேர்வதற்காக எழுதி வைத்திருக்கும் முகவரிகளைப் பார்த்தால்தான் கவலையாக இருக்கிறது. இந்த வேலையில் முதலில் இறங்கிய எங்கள் ஆட்கள் விட்ட பிழைகளையே இப்போது புதிதாகத் தொடங்குகிறவர்களும் விடுகிறார்கள். எழுத்துப்பிழை விடாதே, அடுத்தவன் பெயரை எடுக்காதே என்பதை எல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

## கண்ணுக்காகப் பெயர் வைப்பது

முகவரியை எல்லோரும் கணினித் திரையில் பார்த்துத்தான் தெரிவு செய்கிறார்கள். திரையில் வடிவாக இருக்கிறது, இலச்சினையோடு பொருந்துகிறது, சரி என்று பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். அந்த முகவரி பரவப்போவதோ வாய்வழியாக. மாமி மச்சாளுக்குத் தொலைபேசியில் சொல்லுவார், ஓட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி சொல்லும், வற்றாப்பளைப் பொங்கலில் கடை போட்டால் சனத்துக்கு நடுவில் நீங்களே கத்திச் சொல்லுவீர்கள். அங்கே எழுத்து யார் கண்ணுக்கும் தெரியாது. காதில் விழுந்ததை ஒருவர் பெருவிரலால் தட்ட வேண்டும். அவ்வளவுதான் சோதனை. இதில் தோற்கும் பெயர் எவ்வளவு அழகாக இருந்தும் பிரயோசனமில்லை.

முல்லைத்தீவுப் பக்கம் பனம்பொருள் செய்யும் பெண்கள் குழு ஒன்று. அவர்களின் புழுக்கொடியலைச் சாப்பிட்டவர்கள் வேறிடத்தில் வாங்கமாட்டார்கள், அவ்வளவு சுத்தம். முகவரிக்கு 'புழுக்கொடியல்' என்பதையே ஆங்கில எழுத்தில் எழுதி, பின்னால் முல்லைத்தீவையும் சேர்த்திருந்தார்கள். வடிவமைத்துக் கொடுத்தவர் சொன்ன யோசனை. பருவம் முழுவதற்கும் போதுமான லேபலை அதே பெயரோடு அச்சடித்தும் ஆயிற்று.

முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் போகும் வாகனம் குறைவு. தேங்காய் உடைப்பதற்கும் கச்சான் வாங்குவதற்கும் சில நிமிடம் எல்லோரும் இறங்குவார்கள். அங்கே ஒரு நாள் அந்தக் குழுவில் இருக்கும் தங்கச்சி ஒருத்தி, கனடாவிலிருந்து வந்திருந்த அம்மா ஒருவருக்கு முகவரி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பி, யூ, எல், யூ..."

"எல்லோ? இசட் எச் இல்லையோ? என்ர மகள் அப்படித்தான் எழுதுவாள்."

"இல்லை அக்கா, எல். பிறகு கே."

"ஒரு கேயோ ரெண்டோ?"

"ரெண்டு. பிறகு ஓ, டி..."

"எந்த டி?"

பஸ் ஹோன் அடித்தது. "பரவாயில்லைப் பிள்ளை, பேஸ்புக்கில தேடிப் பாக்கிறன்" என்று அவர் ஏறிவிட்டார். கையில் ஐந்து பைக்கற் புழுக்கொடியல் இருந்தது. வாங்க மனம் உள்ளவர், விலை பார்க்காதவர், அயலில் இருக்கும் பத்துக் குடும்பத்துக்குச் சொல்லக்கூடியவர். அப்படிப்பட்ட ஒருவரை எழுத்துக்கூட்டலில் இழந்தோம் என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ழகரத்துக்கு நாங்கள் இங்கே ஆங்கிலத்தில் எல் போடுகிறோம், தமிழ்நாட்டு எழுத்தைப் பார்த்துப் பழகியவர்கள் இசட் எச் போடுகிறார்கள்: இரண்டு வழி. ககரம் ஒன்றா இரண்டா: இரண்டு வழி. டகரத்துக்கு ரீ எழுத்தா டீ எழுத்தா: இரண்டு வழி. கடைசியில் வரும் யகரத்தை எழுதுவதா விடுவதா: இரண்டு வழி. இத்தோடு 16. முல்லைத்தீவின் தீவுக்கு மட்டும் குறைந்தது மூன்று எழுத்துக்கூட்டல் நடமாடுகிறது. பெருக்கினால் 48. அதில் ஒன்றுதான் அவர்களுடையது. மற்ற 47 ஐயும் தட்டுகிறவர் எங்கோ போவார், அல்லது எங்குமே போகமாட்டார்.

"கூகுள் திருத்திக் கொடுக்கும்" என்று அந்த வடிவமைப்பாளர் சமாதானம் சொன்னாராம். தேடலில் பிழையாகத் தட்டினால் கூகுள் திருத்தும், உண்மைதான். ஆனால் டொட் கொம் வரைக்கும் முழு முகவரியையும் தட்டிவிட்டால் உலாவி திருத்தாது, தட்டிய இடத்துக்கே நேராகக் கொண்டுபோகும். மின்னஞ்சலில் நிலைமை இன்னும் மோசம். அதே பெயரில் மின்னஞ்சலும் வைத்திருந்து, வாடிக்கையாளர் ஓர் எழுத்தை மாற்றித் தட்டினால், கடிதம் திரும்பி வரும். அந்த எழுத்துக்கூட்டல் வேறொருவரிடம் இருந்தால் திரும்பியும் வராது, ஓடர் அவரிடம் போய்ச் சேரும்.

எங்கள் வாய்க்கும் ஆங்கில எழுத்துக்கும் நடுவில் இருக்கும் சிக்கலை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். தமிழில் ஒரே பகரம்தான். பனைக்கு வரும் பி எழுத்தையும் பஸ்ஸுக்கு வரும் பி எழுத்தையும் தொலைபேசியில் சொன்னால் பாதிப் பேருக்குப் பிரிந்து கேட்காது. எம், என் இரண்டும் அப்படியே. எஸ், எவ் இரண்டும் அப்படியே. வன்னி என்ற பெயரையே எடுங்கள். தேர்தல் மாவட்டத்தை ஆங்கிலத்தில் வி போட்டுத்தான் எழுதுகிறார்கள், டபிள்யூ போட்டு எழுதும் பலகைகளும் வீதியில் தாராளமாக உண்டு. கிளிநொச்சியின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் சி, எச் இரண்டும் இரண்டு தரம் வரவேண்டும் என்பது அங்கே பிறந்தவருக்கே சிலவேளை தடுமாறும். புதுக்குடியிருப்பு ஆங்கிலத்தில் 17 எழுத்து. ஊர்ப் பற்று எனக்கும் உண்டு. லேபலில் ஊர்ப் பெயரைப் பெரிதாகப் போடுங்கள், கடிதத்தின் தலைப்பில் போடுங்கள். முகவரியில் மட்டும் வேண்டாம்.

பணம் கட்ட முதல் செய்ய வேண்டியது இதுதான். அந்தப் பெயரை ஒருபோதும் பார்க்காத ஒருவருக்குத் தொலைபேசி எடுங்கள். வாகனம் போகும் றோட்டோரத்தில் நின்று எடுங்கள். முகவரியை ஒரே தரம், சாதாரண வேகத்தில் சொல்லி, தட்டிப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அவர் "என்ன எழுத்து?" என்று ஒரு கேள்வி கேட்டாலே அந்தப் பெயரைக் கைவிடலாம். ஊரில் இருக்கும் ஒருவரிடமும், வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளையிடமும், தமிழ் தெரியாத ஒருவரிடமும் செய்து பாருங்கள். மூன்று பேரும் ஒன்றையே தட்டினால் எடுங்கள்.

அம்மா, மணி, மலர், நிலா மாதிரி ஒரே விதமாக எழுதிப் பழகிய சொற்கள் தேறும். பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பிலேயே படிக்கும் ஆங்கிலச் சொற்களும் தேறும். மற்றச் சொற்களில் நெடில், ழகரம், இரட்டிக்கும் மெய் இருந்தால் பெரும்பாலும் தேறாது. தனிச் சொல் கிடைப்பது இப்போது கடினம் என்பதால் இரண்டு சின்னச் சொல்லைச் சேர்க்கலாம். சேரும் இடத்தில் முதற்சொல்லின் கடைசி எழுத்தும் அடுத்ததன் முதலெழுத்தும் ஒன்றாக இருக்கக் கூடாது. இருந்தால் அந்த எழுத்து ஒருதரமா இருதரமா என்ற கேள்வி திரும்ப வரும்.

அந்தப் பெண்கள் குழு பிறகு ஆறெழுத்தில் ஒரு பெயருக்கு மாறியது. மிச்ச லேபலை எறிய மனமில்லாமல் மேலே சின்ன ஸ்டிக்கர் ஒட்டினார்கள், ஒவ்வொரு பைக்கற்றிலும் கையால். பழைய முகவரியையும் விடமுடியாது. அனுப்பிய கடிதங்களிலும் மக்கள் கொண்டுபோன பைகளிலும் அதுதான் இருக்கிறது. அதற்கும் ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதியதுக்குத் திருப்பி வைத்திருக்கிறார்கள்.

## படிவத்தின் முகவரியை அப்படியே அச்சடிப்பது

கடிதம் அனுப்பும் சேவையில் பதிவுப் படிவம் செய்ததும் அது ஒரு முகவரி தரும். சேவையின் பெயர், கேள்விக்குறி, எழுத்தும் இலக்கமும் கலந்த நீண்ட வால். அதைப் பலகையில் எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன். தட்டமுடியாது என்பது ஒரு பக்கம். நாளைக்கு அந்தச் சேவை விலையைக் கூட்டி, நீங்கள் வேறொன்றுக்கு மாறினால், அச்சடித்ததெல்லாம் வீண். உங்கள் சொந்தச் சின்ன முகவரியை வாங்கி, அதைப் படிவத்துக்குத் திருப்பி விடுங்கள். ஆங்கிலத்தில் இதை ரீடைரக்ட் என்பார்கள், பதிவு செய்யும் நிறுவனங்கள் பலவற்றில் இந்த வசதி சேர்ந்தே வருகிறது. சேவை மாறும்போது திருப்பும் இடத்தை மட்டும் மாற்றினால் போதும், பலகை பலகையாகவே இருக்கும்.

## இலவசச் சுருக்கிகள்

நீண்ட முகவரியைச் சின்னதாக்கித் தரும் தளங்கள்தான் சுருக்கிகள். சும்மா கிடைக்கிறது என்று அப்படிச் சுருக்கிய இணைப்பைப் பலகையில் போடாதீர்கள். அது உங்களுடையது அல்ல. கூகுளே தன் சுருக்கியில் புதிய இணைப்புத் தருவதை 2019 இல் நிறுத்தி, பின்னர் பழையவற்றையும் மூடப்போவதாக அறிவித்தது. கடிதத்துக்குள் போட்டாலும் தொல்லை. மோசடிக்காரர் இவற்றுக்குப் பின்னால் ஒளிவதால் மின்னஞ்சல் வடிகட்டிகள் இவற்றைச் சந்தேகத்தோடுதான் பார்க்கின்றன.

## அழகுக்காகத் தூர தேசத்துப் பின்னொட்டு

டொட் எல்வை என்று முடியும் முகவரி லிபியாவுடையது. 2010 இல் அந்த நாட்டுப் பதிவகம் தன் விதிகளுக்கு ஒத்துவரவில்லை என்று ஒரு சுருக்கிச் சேவையின் முகவரியைப் பறித்தது. டொட் ரீகே என்று முடியும் இலவச முகவரிகளைத் தந்துகொண்டிருந்த நிறுவனம் 2023 இல் புதிய பதிவுகளையே நிறுத்திவிட்டது. வெளிநாட்டு வாடிக்கையாளர் பழக்கத்தில் டொட் கொம் என்றுதான் தட்டுவார். உள்ளூர்க்காரருக்கு டொட் எல்கே பழக்கம், அதை 1990 இலிருந்து இலங்கையிலேயே நடத்துகிறார்கள். முடிந்தால் இரண்டையும் எடுத்து ஒன்றை மற்றதுக்குத் திருப்புங்கள். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், யார் வாங்குகிறார்களோ அவர்களுடையதை எடுங்கள்.

## இடைக்கோடு

வேண்டாம். ஒருவர் டாஷ் என்பார், ஒருவர் ஹைபன் என்பார், ஒருவர் மைனஸ் என்பார், தட்டுகிறவர் விட்டுவிடுவார்.

## இலக்கம்

இலக்கமாகவா எழுத்தாகவா என்று கேட்பார்கள். விடுங்கள்.

## சரிவுக்கோட்டுக்குப் பின்னால் பெரிய எழுத்து

டொட் கொம் வரைக்கும் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். ஸ்லாஷ் என்கிற சரிவுக்கோட்டுக்குப் பின்னால் பல சேர்வர்களில் அவை வேறு வேறு. எல்லாம் சின்ன எழுத்து.

## தமிழ் எழுத்து முகவரியை மட்டும் நம்புவது

டொட் இலங்கை என்று தமிழிலேயே முடியும் முகவரி இருக்கிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைகிறது, வாங்கி வைக்கவும் சொல்வேன். எழுத்துக்கூட்டல் சண்டை முழுவதும் அதில் ஒழிந்துவிடும். ஆனால் அதை ஒரேயொரு முகவரியாக வைக்காதீர்கள். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளையின் தொலைபேசியில் தமிழ் விசைப்பலகை இருக்காது. இணையத்தின் உள்ளே அந்தப் பெயர் எக்ஸ்என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோர்வையாகத்தான் நடமாடுகிறது. பிரதி எடுத்துக் கடிதத்தில் ஒட்டினால் சில இடங்களில் அந்தக் கோர்வையே தெரியும், பார்ப்பவர் வைரஸ் என்று பயந்து தொடமாட்டார். ஔகாரம் உள்ள சொல்லையும் தவிருங்கள். ஒகரத்தையும் ளகரத்தையும் தனித்தனியாகத் தட்டினாலும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும், கணினிக்கோ அது வேறு சொல்.

## கியூஆர் இருக்கிறதுதானே

ஓடும் பஸ்ஸிலிருந்து யாரும் ஸ்கான் பண்ணமாட்டார்கள். லேபலுக்கும் மேசைக்கும் அது நல்லது. ஆனால் இலவசமாக கியூஆர் செய்து தரும் சில தளங்கள் தங்கள் சொந்த இணைப்பையே உள்ளே வைத்து, சில காலம் போனதும் காசு கேட்கும், கட்டாவிட்டால் நிறுத்தும். அச்சடிக்க முதல் தொலைபேசியால் ஸ்கான் பண்ணி, முதலில் தெரிவது உங்கள் முகவரியா என்று பாருங்கள்.

## வேறொருவர் பெயரில் பதிவது

வடிவமைத்த தம்பியின் கணக்கில் முகவரி கிடக்கும். அவர் நல்லவராகவே இருப்பார். பிறகு பிரான்சுக்கோ கட்டாருக்கோ போய்விடுவார், இலக்கம் மாறும், புதுப்பிக்கச் சொல்லி வரும் மின்னஞ்சல் அவர் திறக்காத பெட்டிக்குப் போகும். டொட் கொம் முகவரி காலாவதியானால், பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை வழமையான கட்டணத்தில் மீட்கலாம். அதற்குப் பிறகு 30 நாள் தண்டப் பணத்தோடு மீட்கலாம். பின்னர் ஐந்து நாள் பூட்டி வைத்து, யாரும் எடுக்கலாம் என்று திறந்து விடுவார்கள். பெயரும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும், கடவுச்சொல் உங்கள் கொப்பியில் இருக்கட்டும், முடியும் திகதியை வீட்டுக் கலண்டரில் ஒரு மாதம் முந்தியே குறித்து வையுங்கள்.