திருப்பூர் பனியன் சப்ளை செயினை மாடர்ன் ஆக்குறேன்னு பண்ற தப்புங்க

சப்ளை செயினை டிஜிட்டல் ஆக்கணும், சஸ்டெயினபிளா இருக்கணும், எல்லாரையும் உள்ள சேர்த்துக்கணும்னு இப்ப எந்த மீட்டிங்குக்குப் போனாலும் இதே பேச்சுதான். பேசட்டும், நல்ல விஷயம்தான். ஆனா திருப்பூர்ல ஒரு டி-சர்ட் நூலா வந்து பெட்டியில ஏறுறதுக்குள்ள நிட்டிங், டையிங், துணி பின்னாடி சுருங்காம இருக்கப் பண்ற காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங், பவர் டேபிள் தையல், காஜா, செக்கிங், அயர்னிங்னு ஊரையே சுத்தி வருது, அதுல நிறைய வேலை ஜாப் ஒர்க்ல, அதாவது வெளிய இருக்குற சின்ன யூனிட்டுங்களுக்குக் கூலிக்குப் போகுது, அந்த சுத்து எப்படி நடக்குதுன்னு பாக்காமலே ஆபீஸ்ல உக்காந்து பிளான் போடுறாங்க பாருங்க, அங்கதான் எல்லாம் கோளாறாகுது.

எக்ஸ்போர்ட் கம்பெனி கேட்டோட சப்ளை செயின் முடிஞ்சு போச்சுன்னு நினைக்கிறதுதான் எல்லாத்துக்கும் தாய் தப்பு. ஆடிட்டர் வர்றாரு, ஃபயர் எக்ஸ்டிங்குஷர் தேதியைப் பாக்குறாரு, டாய்லெட் பாக்குறாரு, டைனிங் ஹால் பாக்குறாரு, ரிப்போர்ட் போட்டுட்டு போயிடுறாரு, ஆனா அந்த ஆர்டர்ல பாதி பீஸ் நாலு தெரு தள்ளி இருபது மெஷின் போட்ட பவர் டேபிள் யூனிட்ல ஓடிட்டு இருக்கும். ஜெர்மனியில 2023 ஜனவரியில அமலுக்கு வந்த சப்ளை செயின் சட்டமே நேரடி சப்ளையரைத்தான் முதல்ல பாக்கச் சொல்லுது, அதுக்குக் கீழ இருக்குறவங்களை ஏதாவது பிரச்சனைன்னு விவரம் வந்தா மட்டும் தோண்டுனா போதும். பங்களாதேஷ்ல 2013 ஏப்ரல்ல ராணா பிளாசா இடிஞ்சு 1,100 பேருக்கு மேல செத்தப்ப, நம்ம சரக்கு அந்த பில்டிங்ல தைக்குறாங்கன்னே எங்களுக்குத் தெரியாதுன்னு சில பிராண்டுங்க சொன்னாங்க. இடிபாட்டுக்குள்ள கிடந்த லேபிளை வச்சுத்தான் யார் யார் ஆர்டர்னு கண்டுபிடிக்க வேண்டியிருந்துச்சு. சப்-காண்ட்ராக்ட் குடுக்கவே கூடாதுன்னு அக்ரிமெண்ட்ல ஒரு வரி போட்டுட்டா சரியாகிடுமா? ஆகாது. ஆர்டரை நெருக்கி, டெலிவரி தேதியைக் குறைச்சு, கடைசி நேரத்துல கலரை மாத்துனா வேலை வெளிய போகத்தான் செய்யும், மறைச்சு போகும், அவ்வளவுதான் வித்தியாசம். அதுக்கு ஜாப் ஒர்க் யூனிட்டுங்களை லிஸ்ட்ல ஏத்தி பேர் வெளிய தெரியுற மாதிரி வச்சுக்கறது எவ்வளவோ மேல்.

அடுத்தது சாஃப்ட்வேர். இங்க நடக்குறதைக் கொஞ்சம் கிட்டப் போய் பாருங்க. சாயப்பட்டறைக்கு 100 கிலோ துணி போச்சுன்னா திரும்பி 100 கிலோ வராது, பிராசஸ் லாஸ் கழிஞ்சு 94, 95ன்னு வரும், ஷேடைப் பொறுத்து மாறும், காம்பாக்டிங் முடிஞ்சா இன்னும் கொஞ்சம் மாறும். இதையெல்லாம் டி.சி. புக்ல, அதாவது சரக்கோட போற டெலிவரி சலான் புக்ல, பேனாவுல எழுதி, ஓரத்துல ஒரு சின்ன குறிப்பு போட்டு, ரெண்டு பக்கமும் கையெழுத்து வாங்கி வருஷக்கணக்கா ஓட்டிட்டு இருக்காங்க. இப்ப ஒரு புது சிஸ்டம் வருது, அனுப்புன எடையும் வந்த எடையும் ஒத்துப்போகலன்னா சேவ் ஆகமாட்டேங்குது. ஸ்டோர்ல இருக்குற பையன் என்ன பண்ணுவான், வண்டி வெளிய நிக்குது, 100ன்னே போட்டு விட்டுடுவான். மூணு மாசத்துல டேஷ்போர்டு பச்சை பச்சையா ஜொலிக்கும், உண்மையான கணக்கு மட்டும் பழையபடி டி.சி. புக்லயே இருக்கும். சாஃப்ட்வேர்காரங்களைக் குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல, பிராசஸ் லாஸ்னு ஒரு கட்டம் வேணும்னு அவங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

நூல் கதையும் இதேதான். மூட்டையில அது எந்தத் தயாரிப்புத் தொகுதின்னு காட்டுற லாட் நம்பர் இருக்கும், நிட்டிங்காரர் பிரிச்சு கோனை மெஷின்ல ஏத்துனதும் மூட்டை மூலைக்குப் போயிடும், மிச்சம் இருக்குற கோன் அடுத்த ஆர்டர்ல கலந்துடும். 2022 ஜூன்ல இருந்து அமெரிக்காவுல சீனாவோட ஷின்ஜியாங் பஞ்சு கலந்திருந்தா கட்டாய உழைப்புல வந்த சரக்குன்னே எடுத்துக்கிட்டு நிறுத்துறாங்க, இல்லைன்னு பேப்பரோட காட்ட வேண்டியது இறக்குமதி பண்றவர் வேலை, அவர் அந்தப் பேப்பரை நம்மகிட்டதான் கேப்பார். ஐரோப்பாவும், ஒரு பொருளோட முழு விவரத்தையும் டிஜிட்டலா காட்டுற டிஜிட்டல் ப்ராடக்ட் பாஸ்போர்ட்டுக்கான சட்டத்தை 2024 ஜூலைல அமலுக்குக் கொண்டு வந்துடுச்சு, அதுல துணி முதல் வரிசையில இருக்கு. இதுக்கெல்லாம் பிளாக்செயின்னு எழுதுனதை மாத்த முடியாத டிஜிட்டல் பதிவேடு வாங்குறதுக்கு முன்னாடி, மிச்ச கோனைத் தனி பையில போட்டு லாட் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுற பழக்கம் வரணும்.

சர்டிபிகேட் இருக்கு, க்யூஆர் கோடு இருக்கு, அப்புறம் என்னன்னு விட்டுடறது இன்னொண்ணு. ஆர்கானிக் பஞ்சுல இந்தியாவுலயே அது நடந்துச்சு. 2020 அக்டோபர்ல ஆர்கானிக் துணிக்குத் தரச்சான்று விதிகளை வச்சிருக்குற ஜிஓடிஎஸ் அமைப்பே வெளிய வந்து, 20,000 டன் பஞ்சுக்குப் போலி சர்டிபிகேட் ஓடியிருக்குன்னு சொன்னாங்க. க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணா அரசாங்க வெப்சைட் மாதிரியே காப்பி அடிச்சு செஞ்ச போலி சைட்டுக்குப் போயிருக்கு. ஸ்கேன் பண்ணவங்களுக்கு எல்லாம் சரியாத்தான் தெரிஞ்சிருக்கும். இதைப் பிடிக்கிறதுக்கு பழைய கணக்குப்பிள்ளை முறைதான் லாயக்கு: எவ்வளவு பஞ்சு வாங்குன, அதுல எவ்வளவு நூல் வரும், எவ்வளவு வித்த, கூட்டிக் கழிச்சுப் பாத்தா போதும்.

சஸ்டெயினபிலிட்டின்னா திருப்பூருக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேண்டியதில்ல, அடிபட்டு கத்துக்கிட்ட ஊரு இது. நொய்யல்ல சாயத்தண்ணி ஓடி, ஒரத்துப்பாளையம் அணையில போய்த் தேங்கி, கீழ இருக்குற விவசாயிங்க நிலம் உப்பு பூத்து, அவங்க கோர்ட்டுக்குப் போய், கடைசியா 2011 ஜனவரியில சென்னை ஐகோர்ட் சாயப்பட்டறைங்களை மூடச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. அதுக்கப்புறம்தான் ஒரு சொட்டு கழிவுநீரும் வெளிய விடாத முறை இங்க நிஜமா நிலைச்சுது. ஆனா அதுக்குத் தண்ணியை வடிகட்டுற ஆர்.ஓ. வேணும், மிச்ச உப்புத் தண்ணியை ஆவியாக்குற எவாப்பரேட்டர் வேணும், பாய்லர் ஓடணும், கரண்ட்டும் விறகும் கரியும் நல்லாவே தின்னும். இதை யோசிக்காம சரக்கு வாங்குற பையர் ஒரு கையில தண்ணிக் கணக்கை வச்சு சபாஷ் சொல்லிட்டு, இன்னொரு கையில கார்பன் கணக்கை நீட்டி ஏன் ஏறுச்சுன்னு கேக்குறார். ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பாக்கணும், அந்தச் செலவு டையிங் ரேட்ல ஏறியிருக்கான்னும் பாக்கணும். சுத்திகரிப்பே இல்லாத ஊர்ல என்ன விலையோ அதையே இங்கயும் கேட்டுட்டு, சஸ்டெயினபிலிட்டி ரிப்போர்ட்ல மட்டும் திருப்பூர் போட்டோ போட்டுக்கறது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத விஷயம்.

இன்க்ளூசிவ்ங்கறதை எத்தனை பெண்கள் வேலை பாக்குறாங்கன்னு தலை எண்ணி முடிச்சுடறாங்க. செக்கிங்லயும் பிசிறு வெட்டுறதுலயும் பெண்களேதான் இருக்காங்க, அது ஒண்ணும் சாதனை இல்ல. சூப்பர்வைசர் யாரு, பீஸ் ரேட் யாரு பேசி முடிக்கிறா, காண்ட்ராக்டர் கூட வர்ற குரூப்புக்கு சனிக்கிழமை சம்பளம் யார் கையில போகுது, அதைக் கேளுங்க. ஒடிசா, பீகார், ஜார்கண்ட்ல இருந்து வந்தவங்க நிறைய பேர் இருக்குற இடத்துல புகார் சொல்ற ஆப் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் மட்டும் இருக்கும், ஒரு புகார் கூட வரலன்னு ரிப்போர்ட்ல பெருமையா எழுதியிருப்பாங்க. திண்டுக்கல்ல 2021ல ஒரு இளம் பெண் தொழிலாளி கொல்லப்பட்ட பிறகு, 2022ல திண்டுக்கல் ஒப்பந்தம்னு ஒண்ணு போட்டாங்க. தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் ஒரு பக்கம் ஆலை நிர்வாகத்தோடயும், இன்னொரு பக்கம் எச் அண்ட் எம், கேப் மாதிரி பிராண்டுங்களோடயும் கையெழுத்துப் போட்டுச்சு. தொழிலாளர்ல இருந்தே ஆட்களைப் பயிற்சி குடுத்து ஷிஃப்ட்ல கவனிக்க வச்சாங்க, நிர்வாகம் ஒப்பந்தத்தை மீறுனா பையர் பக்கத்துல இருந்து நெருக்கடி வரும்னு எழுதியே வச்சாங்க. சுவத்துல மாட்டுன புகார் பெட்டிக்கும் இதுக்கும் உள்ள தூரம் அதுதான்.

பணத்தைத் தொடாம சீர்திருத்தம் பேசுறதுதான் எனக்கு ரொம்ப ஆத்திரம் வர்ற தப்பு. ஜாப் ஒர்க்காரர் வாரா வாரம் சனிக்கிழமை சம்பளம் போடணும், அவருக்கு பில் பணம் ரெண்டு மாசம், மூணு மாசம் கழிச்சு வரும், நடுவுல வட்டிக்கு வாங்கி ஓட்டுறார், அவர்கிட்ட போய் டேப்லெட் வாங்கு, டேட்டா ஏத்து, எல்லாத்துக்கும் போட்டோ அனுப்புன்னா எரிச்சல் வராதா? சட்டப்படி மைக்ரோ, ஸ்மால் யூனிட்டுக்கு எழுத்துல ஒப்பந்தம் இருந்தா 45 நாள், இல்லைன்னா 15 நாள், அதுக்குள்ள குடுத்தாகணும். 2023-24 நிதியாண்டுக் கணக்குல இருந்து வருமான வரிச் சட்டத்துல 43பி(எச்)ன்னு ஒரு பிரிவு வந்ததால, லேட்டா குடுத்தா பணம் குடுக்குற வருஷத்துலதான் அந்தச் செலவை வருமான வரியில கழிக்க முடியும். உடனே சில பேர் சின்னத் தொழிலுக்கான அரசாங்கப் பதிவான உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன் இல்லாத யூனிட்டாப் பாத்து வேலையைத் திருப்பி விடுறாங்க, இது எங்க போய் முடியும்னு பாத்துக்கோங்க, பதிவு பண்ணவனுக்கு வேலை இல்ல, பண்ணாதவனுக்குப் பாதுகாப்பு இல்ல. ரிசர்வ் வங்கி கொண்டு வந்த டிரெட்ஸ்ங்கற ஆன்லைன் தளத்துல பில்லைப் போட்டு முன்கூட்டியே பணம் எடுக்கலாம், ஆனா வாங்குறவர் அதுல சேர்ந்து பில்லை ஒத்துக்கணும்.

அதனால டிஜிட்டல் பண்றதுன்னா பேமெண்ட்ல இருந்து ஆரம்பிச்சுப் பாருங்க. எடை, லாட் நம்பர், தேதி மூணும் சரியா ஏத்துன பில்லுக்கு 15 நாள்ல பணம்னு சொல்லிட்டு அப்படியே குடுங்க. ஆளு வச்சு விரட்ட வேண்டியதே இல்ல, பில்லு போடுறதுக்கு முன்னாடியே டேட்டா வந்து உக்காந்துடும்.